மீன்கொத்திக்கு ஒரு துண்டு

ஜனவரி 1, வியாழன்

இந்த நாட்குறிப்பை என் மனைவி ஸ்டமாத்தியா புத்தாண்டுப் பரிசாகக் கொடுத்தாள். எண்ணெய்ச் செக்குக்காரர் அவளுடைய ரொட்டிக் கடைக்கு இலவசமாகக் கொடுத்தது.

"உங்க பொய்யெல்லாம் இனி இதுக்கிட்ட சொல்லுங்க. எனக்குக் காது ஓய்ஞ்சாச்சு" என்றாள்.

கிரேக்க மொழியில் அவள் என்னை 'நீ' என்றுதான் சொன்னாள். தமிழில் எழுதும்போது மரியாதையை நான் சேர்த்துக்கொள்கிறேன். இந்தக் குறிப்பில் வரும் கிரேக்கர்கள் எல்லோரும் எங்கள் கன்னியாகுமரிக் கடற்கரைப் பேச்சுதான் பேசுவார்கள். எனக்குத் தெரிந்த பேச்சு அது. அவர்களுக்கும் பொருத்தமாகத்தான் இருக்கிறது. இரண்டு ஊர் ஆட்களும் பக்கத்தில் நிற்பவனிடமும் அக்கரையில் நிற்பவனிடம் கத்துகிற மாதிரி பேசுகிற ஜாதி.

நான் பெல்லார்மின். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு என்னால் ஆனதைச் செய்துவிட்டு வெளியே வந்தேன். கப்பல் வேலை. இப்போது கிரேக்க நாட்டில் ஸ்காலிட்சா என்ற சிறிய துறைமுக ஊரில் இருக்கிறேன். இங்கே அல்கியோன் கால்பந்துக் கழகம் என்று ஒன்று உண்டு. அல்கியோன் என்றால் மீன்கொத்தி. அதன் முதுகு நீலம், நெஞ்சு ஆரஞ்சு. எங்கள் சட்டையும் அப்படித்தான். கழகத்தில் நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டால் சொல்வது கஷ்டம். தலைவர் கையெழுத்துப் போடுகிறார். பயிற்சியாளர் கத்துகிறார். மீதி எல்லாம் நான். சட்டை துவைப்பது, மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுவது, பந்துக்குக் காற்றடிப்பது, வருகிறவர்களுக்குக் கழகத்தின் வரலாறு சொல்வது. விளையாட்டுக்காரர்கள் என்னை 'பார்பா' என்பார்கள். மாமா என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த வருடம் கழகத்துக்கு நூறு. ஊரே என்னைத்தான் எதிர்பார்க்கிறது.

ஜனவரி 2, வெள்ளி

மழை. சட்டைகள் காயவில்லை.

ஜனவரி 4, ஞாயிறு

காலையில் தலைவர் நிகிஃபோரஸ் கழக அறைக்கு வந்தார். படகுச் சாமான் கடை வைத்திருப்பவர். தொப்பியைக் கழற்றவே மாட்டார். இன்று கழற்றினார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"பெல்லா, மவ்ரோவ்ரிசிக்காரனுகளோட சேருதோம்" என்றார்.

மவ்ரோவ்ரிசி எங்களுக்கு மேலே மலையில் இருக்கிற ஊர். அவர்களின் கழகம் கெரவ்னோஸ். இடி என்று அர்த்தம். கறுப்பும் மஞ்சளும். மனிதன் அவர்களோடு சேர்வதைவிடக் காய்ச்சலோடு சேரலாம்.

"ஆளு இல்ல, வேய். பயக்க ஒருத்தன் ஏதென்சுக்குப் போனான், ஒருத்தன் ஜெர்மனிக்குப் போனான். போன ஆட்டத்துல மாற்று ஆளுன்னு பெஞ்சுல இருந்தது யாரு?"

"நான்."

"ஆங். அவனுகளுக்கும் அதே கதி. ரெண்டு அரைக் கிளப்பு சேர்ந்தா ஒரு முழுக் கிளப்பு. லீக் பிப்ரவரியில திரும்பத் தொடங்குமுன்ன முடிச்சிரணும்."

மைதானம் எது, பேருந்து யாருடையது, பயிற்சியாளர் யார், எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டார்களாம். பெயர் மட்டும் பாக்கி. "அது பெறவு பாத்துக்கிடலாம்" என்றார். பதினோராம் தேதி இரண்டு கழகமும் ஒன்றாகப் புத்தாண்டுக் கேக் வெட்டி, அதே மேசையில் கையெழுத்து.

எனக்கு ஒன்றுமில்லை. எந்த நிறச் சட்டையானாலும் சோப்பு ஒன்றுதான். இதைத் தலைவரிடமும் சொன்னேன். அவர் போன பிறகு வாசலில் இருந்த மீன்கொத்திப் பலகையைத் துடைத்தேன். தூசியாக இருந்தது. மாலையில் மறுபடி துடைத்தேன்.

ஜனவரி 6, செவ்வாய்

திருக்காட்சித் திருவிழா. கிரிகோரிஸ் சாமியார் சிலுவையைக் கடலில் எறிந்தார், பயல்கள் பாய்ந்தார்கள். எங்கள் கேப்டன் ஸ்பீரோஸ் எடுத்தான். நானும் பாய்ந்திருப்பேன். புது பேண்ட்.

ஏதென்சிலிருந்து ஒரு குடும்பம் திருவிழா பார்க்க வந்திருந்தது. கழக அறையைக் காட்டினேன். சுவரில் முதல் அணியின் புகைப்படம் இருக்கிறது. பாதிப் பேர் காலில் பூட்ஸ் இல்லை. வரலாறு சொன்னேன். இன்றைய துருக்கியில், சின்ன ஆசியாவில், தீப்பற்றிய ஊரை விட்டுப் படகில் வந்த அகதிகள், உப்புக் கிடங்கில் குடியிருந்தவர்கள், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறில் இந்தக் கழகத்தைத் தொடங்கினார்கள். இது ஊரில் எல்லோரும் சொல்வது. ஆனால் இதோடு நிறுத்தினால் கேட்பவர்களின் முகம் வாடிவிடும். ஆகவே அவர்கள் கொண்டுவந்த பந்தைப் பற்றியும் சொன்னேன். மாதா படத்தைச் சுற்றிய துணிக்குள் அந்தப் பந்து இருந்தது. முதல் ஆட்டத்துக்கு முந்தின நாள் மவ்ரோவ்ரிசிக்காரன் ஒருவன் அதைக் களவாண்டு மலைக்குக் கொண்டுபோனான். திருடிய பந்தை என்ன செய்வது? அதற்காகவே அவர்கள் கெரவ்னோஸ் கழகத்தைத் தொடங்கினார்கள்.

அந்த வீட்டுப் பெண்மணிக்குக் கண் நிறைந்துவிட்டது. போன வருடம் சொன்னபோது பந்து சும்மா ஒரு சாக்குக்குள்தான் இருந்தது. மாதா படம் இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

ஜனவரி 9, வெள்ளி

ஸ்டமாத்தியாவோடு சண்டை. காரணம், பழைய கழக ஜாக்கெட். முழங்கை கிழிந்துபோய், நீலம் சாம்பலாகி, அலமாரியில் கிடக்கிறது. தரை துடைக்க எடுத்தாள்.

"அது வேண்டாம்" என்றேன்.

"இது என்ன, அந்தோனியாருக்க அங்கியா?"

நான் இந்த ஊருக்கு வந்த கதை எல்லோருக்கும் தெரியும். எங்கள் கப்பலுக்கு ஸ்காலிட்சாத் துறைமுகம் பிடித்துப்போனது. முதலாளி ஓய்வெடுக்கச் சொன்னார். ஊர்க்காரர்கள் என் கால்பந்து ஞானத்தைக் கேள்விப்பட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார்கள். இதைத்தான் அவளுக்கும் நினைவூட்டினேன்.

அவள் ஜாக்கெட்டை மேசையில் வைத்துவிட்டு மாவைப் பிசைய ஆரம்பித்தாள். "கப்பலத் துறைமுகத்துலயே விட்டுட்டு முதலாளி ஓடிப்போனான். உங்க கூட்டாளிகள ஒவ்வொருத்தரா ஊருக்கு அனுப்பினாங்க. நீங்க காய்ச்சலோட கெடந்தீங்க. எனக்க கடைக்கு வந்தப்போ கால்ல செருப்பு இல்ல. ரொட்டி வேணும்னு கைய காட்டுனீங்க. அப்போ இந்தக் கிளப்புக்காரனுகதான் சட்டை மாத்துற அறையில கட்டிலு போட்டுத் தந்தானுக. இந்த ஜாக்கெட்டையும் தந்தானுக."

"குளிருக்காக வாங்கல. நிறம் எனக்குப் பொருந்திச்சு."

"பொருந்திச்சு" என்றாள். ஜாக்கெட்டை மடித்து அலமாரியிலேயே வைத்தாள். தரையை என் பனியனால் துடைத்தாள்.

ஜனவரி 10, சனி

நாளைக்கான கேக்கை ஸ்டமாத்தியாதான் சுடுகிறாள். ஸ்காலிட்சாவில் வேறு யார் சுட்டாலும் எங்களுக்குப் பல் போகும். இங்கே ஒவ்வொரு கழகமும் ஜனவரியில் இந்தக் கேக்கை வெட்டும். உள்ளே ஒரு காசு இருக்கும். தலைவர் வெட்டும்போது பெயர் சொல்லி வெட்ட வேண்டும்: முதல் துண்டு கிறிஸ்துவுக்கு, இரண்டாவது மாதாவுக்கு, மூன்றாவது ஏழைக்கு, நாலாவது கழகத்துக்கு. பிறகு வந்திருக்கிற ஆட்களுக்கு. காசு யார் துண்டில் வருகிறதோ அந்த வருடம் அவர்களுக்கு யோகம்.

காசு வைக்கிற பொறுப்பை நானே ஏற்றேன். சுட்ட பிறகு அடியிலிருந்து கத்தியால் கீறிச் செருகுவது. அந்த இடத்துக்கு நேர் மேலே, கேக்கின் ஓரத்தில், சின்னதாய் ஒரு கருகல் விழுந்திருந்தது. தற்செயல்.

"என்ன, கேக்க இவ்வளவு நேரம் சுத்திச் சுத்திப் பாக்குறீங்க?" என்றாள்.

"அழகு பாக்குறேன்."

நிகிஃபோரஸ் எப்போதும் பெரிய துண்டாக வெட்டுவார். இதை ஒரு தகவலுக்காக எழுதுகிறேன்.

ஜனவரி 11, ஞாயிறு

இன்று என் எழுத்து கோணலாக விழுகிறது. சிரித்துச் சிரித்துத்தான்.

பள்ளிக்கூட மண்டபம் நிறைந்துவிட்டது. இடது பக்கம் நாங்கள். வலது பக்கம் மலைக்காரர்கள், மஞ்சள் கழுத்துத் துண்டுகளோடு. நடுவில் யாரும் உட்காராத ஒரு வரிசை. மேடையில் நிகிஃபோரஸ், கிரிகோரிஸ் சாமியார், பிறகு கெரவ்னோஸ் தலைவர் லாம்ப்ரோஸ். லாம்ப்ரோஸ் ஆட்டுப்பால் கட்டி செய்கிறவர். வயது எண்பதைத் தொடுகிறது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கம்பி வேலிக்குப் பின்னால் நின்று என் பெயரைச் சொல்லித் திட்டுவது அவருடைய வழக்கம். நான் விளையாடுவதே இல்லை என்பது அவருக்கு ஒரு பொருட்டல்ல.

தட்டை நான்தான் மேசையில் வைத்தேன். பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று கொஞ்சம் திருப்பினேன். பிறகு இன்னும் கொஞ்சம்.

நிகிஃபோரஸ் சிலுவை போட்டுக்கொண்டு வெட்டினார். "கிறிஸ்துவுக்கு." பெரிய துண்டு. "மாதாவுக்கு." பெரிய துண்டு. "ஏழைக்கு." நான் மூச்சைப் பிடித்தேன். கருகல் அடுத்த துண்டின் நட்ட நடுவில் இருந்தது.

"கழகத்துக்கு" என்றார். கத்தி தூக்கிய இடத்திலேயே நின்றது. பெயர் சொல்ல வேண்டுமே! பெயரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்களே, அந்தப் பிறகு இப்போது வந்து மேசைமேல் உட்கார்ந்திருந்தது.

"சொல்லும் ஓய்" என்றார் லாம்ப்ரோஸ்.

"ஐக்கிய..." என்றார் நிகிஃபோரஸ். தொண்டையைச் செருமினார்.

"அல்கியோன்!" என்று எங்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல். ஆண் குரல். கொஞ்சம் அந்நிய உச்சரிப்போடு இருந்ததாகச் சொல்கிறார்கள்.

"கெரவ்னோஸ்!" என்று வலது பக்கம் முழுவதும் எழுந்தது.

அப்புறம் கேட்கவேண்டுமா? யார் பழையவர்கள், யார் பெரியவர்கள், யாருடைய கோல் செல்லாது என்று எல்லாம் வெளியே வந்தது. எங்கள் ஸ்பீரோஸ் நாற்காலிமேல் ஏறி, "பந்து களவாண்ட கூட்டத்துக்குப் பெயரு ஒரு கேடா?" என்று கத்தினான். நான் விருந்தினருக்குச் சொல்கிற கதை. பயல் மூலையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறான்!

லாம்ப்ரோஸ் மெதுவாக எழுந்தார். கிழவர் என்னைத்தான் பார்த்தார்.

"களவாண்டது யாருன்னு தெரியுமா?" என்றார். "எனக்க தாத்தாவாக்கும்! ஒத்தைக்கு எறங்கி வந்து, ஒங்க காவக்காரன் மூக்குக்கு முன்னால தூக்கிட்டுப் போனாரு. நாயி கூடக் குரைக்கல. ஒரு ஆட்டுத்தோல்ல சுத்தி, கழுதைமேல வெச்சு, மழையில!"

"ஆட்டுத்தோல் இல்ல, மாதா படத்துத் துணி" என்றேன் நான். உண்மை உண்மையாக இருக்க வேண்டும்.

"அது வழியில விழுந்துபோச்சு ஓய்! ஒமக்கு என்ன தெரியும்?"

மலைக்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். நான் சொன்னது அப்படியே நடந்திருக்கிறது. எனக்கு அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. ஆனால் உட்காருவதற்கு ஒரு நாற்காலி தேடினேன்.

கடைசியில் சாமியார் மேசையில் தட்டினார். "லேய், கேக்கு ஆறி அஞ்சு நாளு ஆன மாதிரி ஆச்சு. அந்தத் துண்ட ரெண்டா வெட்டுங்க. ஒண்ணு மீன்கொத்திக்கு, ஒண்ணு இடிக்கு."

நிகிஃபோரஸ் அந்த நாலாவது துண்டின் நட்ட நடுவில் கத்தியை இறக்கினார்.

'ணங்' என்றது.

கத்தி காசின் மேல் நின்றது. பாதிக் காசு மீன்கொத்தியின் துண்டில், பாதி இடியின் துண்டில். ஸ்டமாத்தியா மூன்றாம் வரிசையிலிருந்து என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

ஒருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. பள்ளிக்கூடத்து அளவுகோல் வந்தது. லாம்ப்ரோஸ் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் குனிந்து பார்த்து, "எங்க பக்கம் ஒரு மயிரிழை கூடுதல்" என்றார். நிகிஃபோரஸ், "அது கிஸ்மிஸ் பழமாக்கும்" என்றார். அளந்த அளவுகோலை யார் பிடித்தது என்று ஒரு சண்டை. சாமியார் காசைப் பிடுங்கி அங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"மைதானத்துல தீத்துக்கிடுங்க!"

அப்படியே முடிவானது. அடுத்த ஞாயிறு ஆட்டம். ஜெயிக்கிறவர்களின் பெயர்தான் சேர்ந்த கழகத்துக்கு. தோற்றவர்களின் பெயர் அன்றோடு சரி.

அதாவது நூறாவது வருடத்தில் அல்கியோன் ஒரே ஆட்டத்தில் இருக்கும் அல்லது போகும். எனக்கு ஒன்றுமில்லை.

ஜனவரி 12, திங்கள்

மைதானத்துக்கு இரண்டு முறை கோடு போட்டேன். ஆட்டத்துக்கு இன்னும் நாள் இருக்கிறதே என்று ஸ்பீரோஸ் சிரித்தான்.

ஜனவரி 18, ஞாயிறு

ஒன்றுக்கு ஒன்று. சமம்.

எங்களுக்குப் பத்துப் பேர், அவர்களுக்கு ஒன்பது பேர். ஆனால் பார்க்க வந்த கூட்டம்! கம்பி வேலி சாய்ந்துவிட்டது. சாய்ந்த வேலியை நான் ஒற்றைக் கையால் தாங்கிப் பிடித்தேன் என்று ஊரில் பேச்சு. பேச்சு இன்னும் பரவவில்லை, மெதுவாகப் பரவும்.

லாம்ப்ரோஸ் ஆட்டம் முழுக்க என்னைத் திட்டினார். "பெல்லா, ஒனக்க கோடு கோணலாக்கும்! குடிச்சிட்டா போட்ட?" பழைய தெம்பு. அடுத்த ஞாயிறு அவர்கள் மைதானத்தில் மறு ஆட்டம்.

ஜனவரி 21, புதன்

இங்கே ஜனவரி நடுவில் சில நாள் கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் அடங்கிவிடும்; வெயில் வந்துவிடும். மீன்கொத்தி முட்டையிட்டு அடைகாக்கக் கடவுள் கொடுத்த நாட்கள் என்று கிரேக்கர்கள் சொல்வார்கள். மீன்கொத்தி நாட்கள். எங்கள் கழகத்துக்காகவே ஒதுக்கப்பட்ட நாட்கள் என்று நான் சொல்வேன்.

மாலைப் பயிற்சிக்கு ஆள் வருகிறது. முழங்கால் வலி என்று விலகிய தபால்காரர் வந்தார். பெண்டாட்டி விடமாட்டாள் என்ற மீன் வியாபாரி வந்தான். பின்னாலேயே பெண்டாட்டியும் வந்து அவன் ஓடுகிறானா என்று பார்த்தாள். ஏதென்சில் வேலை பார்க்கிற இரண்டு பேர் ஞாயிறுகளில் வருகிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். எனக்குச் சட்டை போதவில்லை. பழைய பெட்டியிலிருந்து எடுத்துத் தைத்தேன்.

"பேரு போயிரும்னு சொன்ன உடனே எல்லாவனுக்கும் முழங்கால் சரியாகிருச்சு பாத்தியா?" என்றார் நிகிஃபோரஸ். தொப்பி தலையில் இருந்தது.

மலையிலும் இதே கதையாம். தகரக் கூரை போடுகிறவன், பாதிரியாரின் மருமகன், கசாப்புக் கடைக்காரன் தெமோஸ், எல்லோரும் பூட்ஸ் வாங்கியிருக்கிறார்களாம்.

ஜனவரி 25, ஞாயிறு

மலையில் ஆட்டம். பூஜ்யத்துக்குப் பூஜ்யம். எங்களுக்குப் பதினோரு பேரும் பெஞ்சில் நாலு பேரும். அவர்களுக்கும் அதுபோலத்தான். பெஞ்சில் எனக்கு இடமில்லை. நின்றேன். இவ்வளவு சந்தோஷமாக நான் நின்றதே இல்லை.

திரும்பும்போது பேருந்தில் பாட்டு. நான் எங்கள் ஊர்ப் படகுப் பாட்டைச் சொல்லிக்கொடுத்தேன். பாதி மறந்துவிட்டது. மறந்த இடத்தில் புதிதாகப் போட்டுக்கொண்டேன்.

ஜனவரி 28, புதன்

தலைவர்கள் இருவரும் ஸ்டமாத்தியாவின் கடையில் காப்பி குடித்துக்கொண்டே பேசினார்கள். நான் தட்டு கழுவிக்கொண்டே கேட்டேன்.

"இப்படியே சமமாப் போனா என்ன செய்ய?" என்றார் நிகிஃபோரஸ். "லீக் தொடங்கப் போவுது."

லாம்ப்ரோஸ் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே இருந்தார். "ஞாயித்துக்கிழமை கடைசி. நீங்க ஜெயிச்சா ரெண்டும் சேர்ந்து அல்கியோன். நாங்க ஜெயிச்சா கெரவ்னோஸ்."

"சமமானா?"

"சமமானா ஒண்ணும் சேர வேண்டாம். ஆளுதான் ரெண்டு பேருக்கும் வந்தாச்சே. ஒங்க கடலு ஒங்களுக்கு, எங்க மலை எங்களுக்கு."

கை கொடுத்துக்கொண்டார்கள். ஆனால் இரண்டு பேருமே ஜெயித்தே தீருவேன் என்று சொல்லித்தான் எழுந்தார்கள். நிகிஃபோரஸ் வாசலில் நின்று, "நாங்க மூணு போடுவோம்" என்றார். லாம்ப்ரோஸ், "ஒங்க மூணும் எங்க ஆட்டுக்குத் தீவனம்" என்றார்.

ஜனவரி 31, சனி

மதியம் மைதானத்தில் வலை கட்டிக்கொண்டிருந்தேன். லாம்ப்ரோஸ் கைத்தடியோடு இறங்கி வந்தார். கையில் ஒரு பொட்டலம் பால்கட்டி. விஷம் வைத்திருக்கிறாரா என்று கேட்டேன். ஒரு துண்டை அவரே முதலில் தின்று காட்டினார்.

பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"நாளைக்கு நீங்க ஜெயிச்சா எங்க கறுப்பு மஞ்சள் சட்டைய என்ன செய்வ பெல்லா?"

"துவைப்பேன். நெறம் போறவரைக்கும்."

கிழவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் தடியால் தரையைக் கீறிக்கொண்டிருந்தார்.

"எனக்க வீட்டுக்காரி போன பெறவு வாரம் முழுக்க எனக்குப் பேச ஆளில்ல. ஆட்டுக்கிட்டப் பேசுவேன். ஞாயித்துக்கிழமை வந்தா ஒங்கள ஏசலாம்னு ஒரு தெம்பு. என்ன ஏசலாம்னு திங்கக்கிழமையே யோசிக்கத் தொடங்கிருவேன். ஒரே கிளப்பா ஆச்சுன்னா நான் யார ஏச?"

"என்னத் தனியா ஏசும்."

"நம்ம ஆள ஏசுறதுல என்னடே ருசி இருக்கு?"

போகும்போது என் கோடு இன்னும் கோணல்தான் என்றார்.

வயதாகிவிட்டது கிழவருக்கு. நான் அதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரவுச் சாப்பாடு மட்டும் இறங்கவில்லை. பால்கட்டி அதிகம் தின்றுவிட்டேன்.

பிப்ரவரி 1, ஞாயிறு

எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதிவிடுகிறேன். பின்னால் யாரும் திரித்துச் சொல்லக் கூடாது.

எங்கள் மைதானம். வெயில். கடல் அசையவே இல்லை. இரண்டு ஊரும் காலி, எல்லோரும் இங்கே. கிரிகோரிஸ் சாமியார்தான் நடுவர். அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினார்.

ஸ்பீரோஸ் ஒன்று போட்டான். அவர்கள் ஒன்று திருப்பினார்கள். இரண்டாம் பாதியில் தபால்காரர், முழங்காலோடு சேர்த்து, தலையால் ஒன்று போட்டார். இரண்டுக்கு ஒன்று. நாங்கள் முன்னால். நிகிஃபோரஸ் தொப்பியைக் கடலில் எறிந்துவிட்டு, அதை எடுக்க ஒருவனை அனுப்பினார்.

முடிய ஐந்து நிமிடம் இருக்கும். கோல் காக்கிற எங்கள் கோலி கம்பத்தில் மோதிக்கொண்டான். கை வீங்கிவிட்டது. மாற்றுக் கோலி கிடையாது. பயிற்சியாளர் நாலா பக்கமும் பார்த்தார்.

"பார்பா!" என்றான் ஸ்பீரோஸ். "நீரு கன்னியாகுமரிக் கரையில பெரிய கோலியா இருந்தேன்னு சொன்னீரே!"

சொல்லியிருக்கிறேன். அடிக்கடி. பூனை என்று பட்டப் பெயர் வைத்திருந்ததாகக்கூடச் சொல்லியிருக்கிறேன். கையுறையை மாட்டினேன். வேலிக்குப் பின்னாலிருந்து ஸ்டமாத்தியா, "மாதாவே!" என்றாள்.

வந்த முதல் பந்தைப் பிடித்தேன். சத்தியமாகப் பிடித்தேன். மூலையிலிருந்து வந்தது, வயிற்றோடு அணைத்துவிட்டேன். ஊரே "பார்பா! பார்பா!" என்றது. கேட்டவர்கள் சாட்சி. இரண்டாவது, கம்பத்துக்கு வெளியே போன பந்து. அதையும் பாய்ந்து பிடித்தேன், தேவையில்லாவிட்டாலும். என் நெஞ்சுக்குள் மீன்கொத்தி சிறகடித்தது. இன்னும் ஒரு நிமிடம்தான். ஒரு நிமிடத்தில் கழகம் பிழைத்துவிடும்; கடலும் மலையும் சேர்ந்து அல்கியோன். வேறு பெயரே இருக்காது.

அப்போது வேலியோரம் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். லாம்ப்ரோஸ் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். திட்டவில்லை. ஆட்டம் தொடங்கியதிலிருந்து அவர் வாயை மூடியது இப்போதுதான். மஞ்சள் துண்டைக் கழுத்திலிருந்து எடுத்து மடித்துக்கொண்டிருந்தார். நாலாக மடித்தார். சட்டைப் பைக்குள் வைக்கப் போனார்.

அந்த நேரம் தெமோஸ் உதைத்தான். கசாப்புக் கடைக்காரன், நாற்பதைத் தாண்டியவன், மூச்சே இல்லாமல் உதைத்தான். பந்து தரையோடு உருண்டு வந்தது. மெதுவாகத்தான் வந்தது. ஒரு கோழிகூடக் கடந்து போயிருக்கலாம்.

வெயில் கண்ணில் அடித்தது. நான் இடது பக்கம் பாய்ந்தேன். மிகவும் அழகான பாய்ச்சல் அது. யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பந்து வலது பக்கம் போய்விட்டது.

இரண்டுக்கு இரண்டு. சாமியார் ஊதினார். சமம்.

ஒரு கணம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு மலைக்காரர்கள் கத்தினார்கள். அதைக் கேட்டு எங்கள் ஆட்களும் கத்தினார்கள். சமமானால் இணைப்பே இல்லை என்பது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. அல்கியோனும் உண்டு, கெரவ்னோஸும் உண்டு. தபால்காரரும் தெமோஸும் கட்டிப்பிடித்துக்கொண்டு தரையில் உருண்டார்கள். நிகிஃபோரஸ் நனைந்த தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு அழுதார். தண்ணீர் தொப்பியிலிருந்துதான் வடிகிறது என்றார். காசு யாருக்கும் இல்லை, அது கோயிலுக்கு என்று சாமியார் சொல்லிவிட்டார். அவரோடு யாரும் சண்டை போடவில்லை.

ஸ்பீரோஸ் என் அருகில் வந்தான். கோலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "பார்பா, சூரியன் ஒமக்கு முதுகுக்குப் பின்னால இல்லியா இருந்துச்சு?"

"கடல்ல பட்டுத் திரும்பி வந்த வெயில்" என்றேன்.

"கடலும் ஒமக்குப் பின்னாலதான்."

"லேய், கோலி நீயா நானா?"

பயல் என் கையுறைகளைக் கழற்றிவிட்டான். ஸ்டமாத்தியா வேலியைச் சுற்றிக்கொண்டு வந்து, எல்லோருக்கும் முன்னால் என் நெற்றியில் ஒட்டியிருந்த மண்ணைத் தன் இடுப்பில் கட்டியிருந்த மாவுத் துணியால் துடைத்தாள். பிறகு, "மாமா" என்று தமிழில் சொன்னாள். அந்த மரியாதை நான் சேர்த்துக்கொண்டது இல்லை. அவளே சொன்னாள்.

எல்லோரும் கலையும்போது லாம்ப்ரோஸ் மைதானத்துக்குள் வந்தார். மஞ்சள் துண்டு மறுபடி கழுத்தில். இரண்டு கையாலும் என் தலையைப் பிடித்தார். பழைய பால்கட்டி வாசனை. கன்னத்தில் முத்தம் கொடுப்பார் என்று நினைத்தேன்.

"இந்த மாதிரி ஒரு கேடுகெட்ட கோலிய நான் எனக்க ஆயுசுல பாத்ததில்லடே!" என்று இரண்டு ஊருக்கும் கேட்கிற மாதிரி கத்தினார். "மார்ச்சு மாசம் லீக் ஆட்டத்துக்கு மலைக்கு வா. வேலிக்குப் பக்கத்துலதான் நிப்பேன். ஒன்ன ஏசுற ஏச்சுல ஒனக்க கப்பலு திரும்பி வந்து ஒன்ன ஏத்திட்டுப் போயிரும்!"

"வாறேன்" என்றேன். "நீரு தொண்டைய நல்லா வெச்சிக்கிடும்."